பூங்காவுக்கென்று தனித் தேர்தல் நடத்தும் ஊர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது மினியாபொலிஸ். மக்கள்தொகை சுமார் நாலேகால் லட்சம். 2013-இல் அந்த நகராட்சிக்கு ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. ஊர் நடுவில் பெரிய விளையாட்டரங்கம் ஒன்று கட்டப்போகிறார்கள், அதற்குப் பக்கத்தில் இரண்டு பிளாக் அளவுக்கு ஒரு பூங்கா போடலாம் என்று நகர நிர்வாகம் முடிவெடுத்தது. இடம் இருந்தது, பணத்துக்கும் வழி இருந்தது. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி திட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் நகர சாசனத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார்: இந்த ஊரில் பூங்கா அமைக்கும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது, அது பூங்கா வாரியத்துக்கு மட்டுமே உண்டு.

கடைசியில் வாரியத்தோடு ஒரு குத்தகை ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் நகராட்சியால் அந்த இடத்தை நடத்த முடிந்தது. ‘தி காமன்ஸ்’ என்ற பெயரில் 2016-இல் அது திறந்தது. சொந்த ஊரில் நாலு ஏக்கர் புல்தரை போட நகராட்சி இன்னொருவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த இன்னொருவர் யார் என்று பார்க்கத் தோன்றும்.

1883: நகராட்சியைத் தாண்டி ஒரு சட்டம்

மினியாபொலிஸ் மாவு மில்களால் வளர்ந்த ஊர். 1880-இல் 47,000 பேர் இருந்த இடத்தில் 1890-இல் 1,65,000 பேர். மனை விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. இப்போதே ஏரிக்கரைகளை வாங்கிப் போடாவிட்டால் அப்புறம் கிடைக்கவே கிடைக்காது என்று ஊர் வணிகர்களின் சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. நகர மன்றம் காது கொடுக்கவில்லை. வணிகர்கள் நேரே மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், நகராட்சிக்குக் கட்டுப்படாத தனிப் பூங்கா வாரியம் ஒன்றுக்குச் சட்டம் வாங்கி வந்தார்கள். ஊர் மக்களின் வாக்கெடுப்பில் ஜெயித்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

நகர மன்றம் எதிர்த்தது வியப்பில்லை. தொழிலாளர் அமைப்பான நைட்ஸ் ஆஃப் லேபரும் எதிர்த்தது. பணக்காரர்கள் தங்கள் மனைக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டுக்கொள்வார்கள், வரியை நாம் கட்டுவோம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை மறந்துவிடாதீர்கள், நூற்று முப்பது வருஷம் கழித்து இந்த வாதம் திரும்பி வரும். 1883 ஏப்ரல் 3-ஆம் தேதி வாக்கெடுப்பு. 5,300 பேருக்கு மேல் ஆதரவு, 3,900 பேருக்கு மேல் எதிர்ப்பு. வாரியம் பிறந்தது.

அந்தச் சட்டம் வாரியத்துக்குக் கொடுத்தது சாதாரண அதிகாரமல்ல. நிலம் எடுக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், பக்கத்து மனைக்காரர்களிடம் மேம்பாட்டுக் கட்டணம் வாங்கலாம். இன்றைக்கும் வாரியத்துக்கென்று தனிப் போலீஸ்கூட இருக்கிறது.

முதல் தலைவர் சார்லஸ் லோரிங். அவர் கூப்பிட்டு ஆலோசனை கேட்டது ஹொரேஸ் கிளீவ்லண்ட் என்ற நிலவடிவமைப்பாளரை. வயது அறுபத்தெட்டு. அந்த ஜூன் மாதமே கிளீவ்லண்ட் ஒரு திட்டம் கொடுத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூங்கா போடாதீர்கள், ஏரிகளையும் மிசிசிப்பி ஆற்றங்கரையையும் மரம் நட்ட அகலச் சாலைகளால் கோத்துவிடுங்கள் என்றார். அதைவிட முக்கியமாக, அழகுபடுத்தும் வேலை பேரப்பிள்ளைகள் காலத்தில்கூட நடக்கட்டும், நிலத்தை இப்போதே பிடியுங்கள் என்றார். என்னைக் கேட்டால் நூறு வருஷத்து மேலாண்மைப் பாடம் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பிடித்தார்கள். ஹாரியட் ஏரிக்கரையை வில்லியம் கிங் என்ற நிலக்காரர் இனாமாகவே கொடுத்தார். இதைத் தர்மம் என்று மட்டும் படிக்கக் கூடாது. கரை பூங்காவானால் பின்னால் இருக்கும் தன் மனைகளின் விலை ஏறும் என்ற கணக்கு அன்றைய நிலக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1889-இல் மின்னஹாஹா அருவி வாரியத்தின் கைக்கு வந்தது. 1906-இல் தியடோர் விர்த் கண்காணிப்பாளராக வந்து 1935 வரை இருந்தார். சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கினார், ஏரிகளைக் கால்வாயால் இணைத்தார், புல்லில் கால் வைக்காதே என்ற பலகைகளைப் பிடுங்கிப் போட்டார். குழந்தைகள் நடந்து போகிற தூரத்தில் ஒரு விளையாட்டிடம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று 6,800 ஏக்கருக்கு மேல் வாரியத்தின் கையில் இருக்கிறது, ஏரி நீரும் சேர்த்து. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பூங்கா.

யார் கேட்பது, யார் கொடுப்பது

வாரிய உறுப்பினரைக் கமிஷனர் என்பார்கள். இங்கே கமிஷனர் என்றால் அதிகாரி இல்லை. தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். மொத்தம் ஒன்பது பேர். ஆறு பேர் ஆறு தொகுதிகளிலிருந்து, மூன்று பேர் ஊர் முழுவதற்கும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, மேயர் தேர்தலோடு சேர்ந்து நடக்கும். பகுதிநேரப் பதவிதான். அன்றாட நிர்வாகம் அவர்கள் நியமிக்கும் கண்காணிப்பாளரிடம்.

தேர்தலில் வந்தவர்கள் என்பதாலேயே எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்றில்லை. 2003-இல் கண்காணிப்பாளர் பதவிக்கு நாடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் விண்ணப்பமே போடாத ஒருவரை வாரியம் கொண்டுவந்து உட்கார வைத்தது. அந்தச் சண்டை பல வருஷம் ஓடியது. 2009-இல் மாநகர் மன்ற உறுப்பினர்கள் சிலர் வாரியத்தையே கலைத்து நகராட்சியோடு சேர்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். அது வாக்கெடுப்பு வரைக்கும் போகவில்லை.

பணம்தான் சுவாரசியமான இடம். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியில் பூங்கா வாரியத்துக்கென்று தனிப் பங்கு. ஆனால் எவ்வளவு வரை வாரியம் வசூலிக்கலாம் என்ற உச்சவரம்பை வாரியம் தானே போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு மதிப்பீடு மற்றும் வரி வாரியம் என்று ஒரு சின்ன அமைப்பு. மேயர், மாநகர் மன்றத்திலிருந்து இரண்டு பேர், பூங்கா வாரியத்திலிருந்து ஒருவர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் என்று ஆறு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். வாரியத் தீர்மானத்தை மேயர் வீட்டோ செய்யலாம், ஒன்பதில் ஆறு பேர் சேர்ந்தால் அதை மீறலாம். ஆக, வாரியம் தனிக்குடித்தனம்தான், ஆனால் பொதுச் சுவர் ஒன்று இருக்கிறது. நகராட்சி சாலைப் பள்ளத்தை மூடப் பணமில்லை என்று பூங்கா நிதியில் கைவைக்க முடியாது. வாரியமும் இஷ்டத்துக்கு வரி ஏற்ற முடியாது.

இன்னொரு வினோதம், தெருவோர மரங்களும் வாரியத்தின் பொறுப்பு. அந்த ஊரின் வாசல் மரம் எதுவும் நகராட்சியுடையது அல்ல. அது வெறும் அலங்காரப் பொறுப்பும் அல்ல. 1977-ஆம் ஆண்டு மட்டும் எல்ம் மரங்களைத் தாக்கிய பூஞ்சை நோயில் 31,000-க்கும் மேற்பட்ட மரங்களை ஊர் இழந்தது. தெருக்கள் மொட்டையாகின. பிறகு ஆஷ் மரங்களைத் துளைக்கும் பச்சை வண்டு வந்தபோது, வாரியம் 2014-இலிருந்து தனி வரி போட்டு எட்டு வருஷத்தில் பொது இடத்து ஆஷ் மரங்கள் சுமார் 40,000-ஐ எடுத்துவிட்டு வேறு இன மரங்களை வைத்தது. ஒரே இனத்தை வரிசையாக நட்டதன் பலன் என்ன என்பதை இரண்டு முறை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்கு இந்தத் தனிச் சுவர் நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. 1960-களில் மாநில நெடுஞ்சாலைத் துறை மின்னஹாஹா பூங்கா ஓரமாக உயர்மட்டச் சாலை போட வந்தபோது வாரியம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டியது, அந்த வடிவில் சாலை வரவில்லை. நகராட்சியின் ஒரு துறையாக இருந்திருந்தால் கமிஷனர்கள் வழக்கே போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எல்லா முறையும் ஜெயித்தார்கள் என்றும் இல்லை. மற்ற நெடுஞ்சாலைகளுக்கு வாரியம் நிலம் இழந்திருக்கிறது. 2015-இல் இலகு ரயில் பாதை ஒரு ஏரிக் கால்வாயைக் கடப்பது பற்றி வாரியம் முரண்டு பிடித்தபோது, பூங்காக்களுக்கான மாநில நிதியை வெட்டுவேன் என்று ஆளுநர் மார்க் டேட்டன் கிளம்பிவிட்டார். சில வாரங்களில் சமரசம் வந்தது.

ஏரிப் பக்கம் ஒரு ஊர், மறுபக்கம் ஒரு ஊர்

இதுவரை படித்தால் இது ஒரு வெற்றிக் கதை. பூங்காக்களுக்கு மதிப்பெண் போடும் தேசியப் பட்டியல்களில் மினியாபொலிஸ் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் ஊர் மொத்தத்துக்கும் போடுவது. ஊரின் உள்ளே வரைபடத்தை விரித்தால் படம் வேறு.

தென்மேற்கில் ஏரிகள், சுற்றிலும் பெரிய வீடுகள். வடக்கிலும் வடகிழக்கிலும் ரயில் முற்றங்கள், தொழிற்சாலைகள், சின்ன வீடுகள். இயற்கை ஏரிகளை அங்கே வைத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதிதான் உண்மை. மீதி விதிகள் செய்த வேலை.

முதல் விதி 1911-இல் வந்த எல்வெல் சட்டம். ஒரு பேட்டைக்குப் பூங்கா வேண்டும் அல்லது இருக்கிற பூங்காவை மேம்படுத்த வேண்டும் என்றால், அதன் செலவைச் சுற்றியுள்ள மனைக்காரர்கள் மேல் போட்டுப் பத்து வருஷத் தவணையில் வசூலிக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பூங்காவால் மனை விலை ஏறுகிறது, மனைக்காரன் கொடுக்கட்டும். நடந்தது என்னவென்றால், கொடுக்கச் சம்மதித்த பேட்டைக்குப் பூங்கா நன்றாக அமைந்தது. கொடுக்க முடியாத பேட்டையில் வாரியம் வாங்கிப் போட்ட நிலம் வெறும் நிலமாகவே கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சூத்திரமே அப்படி. ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த முறை ஓடிய பிறகு, 1960-களின் பிற்பகுதியில் வாரியம் பேட்டைப் பூங்காக்களையும் சமூக மையங்களையும் ஊர் பணத்தில் கட்ட ஆரம்பித்தது.

இரண்டாவது, இது வாரியத்தின் விதி அல்ல, மனை விற்றவர்களின் விதி. 1910-லிருந்து மினியாபொலிஸில் மனைப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் எழுதப்பட்டன. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தபோது, ஏரிகளுக்கும் பூங்காச் சாலைகளுக்கும் அருகே அந்தப் புள்ளிகள் அடர்ந்து நின்றன. 1953-இல் மாநிலம் புதிதாக இப்படி எழுதுவதைத் தடை செய்தது. அதற்குள் யார் எங்கே குடியிருப்பது என்பது முடிவாகிவிட்டது.

மூன்றாவதுதான் வெளியே தெரியாமல் வேலை செய்தது. 1974-இல் இரட்டை நகரங்களின் (மினியாபொலிஸும் பக்கத்து ஊரான செயின்ட் பாலும்) வட்டாரத்துக்கென்று பெரிய பூங்காக்களின் வலைப்பின்னல் உருவாக்கப்பட்டது. ஏரிகளும் அருவியும் வட்டாரப் பூங்காக்களாக அதில் சேர்ந்தன. வட்டாரப் பூங்காவுக்கு மாநிலப் பணம் வரும். அந்தப் பணத்தை வேறு எங்கும் செலவழிக்கக் கூடாது. முனை வீட்டுப் பிள்ளைகள் ஊஞ்சலாடும் பேட்டைப் பூங்காவுக்கு உள்ளூர்ச் சொத்து வரி மட்டும்தான். ஒரே வாரியம், ஒரே வேலையாட்கள், ஆனால் பணப்பெட்டி இரண்டு. ஒரு பெட்டியில் ஏரிக்கரையின் சைக்கிள் பாதை புதுசாகிறது. இன்னொரு பெட்டி காலி, குழந்தைகள் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுக் கிடக்கிறது.

நைட்ஸ் ஆஃப் லேபர் 1883-இல் சொன்னது நினைவிருக்கிறதா? 2015, 2016-இல் வாரியக் கூட்டங்களில் கறுப்பின உரிமை அமைப்பினர் எழுந்து நின்று ஏறக்குறைய அதையே சொன்னார்கள். கூட்டங்கள் அமளியில் முடிந்தன, கைதுகளும் நடந்தன.

வாரியம் அந்தச் சமயத்தில் ஊர் முழுக்கப் போய் ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தது. பேட்டைப் பூங்காக்களுக்கு வருஷத்துக்கு ஆக வேண்டிய செலவுக்கும் இருக்கிற பணத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கணக்கு. மக்களிடம் நேரடி வாக்கெடுப்புக்குப் போய்த் தனி வரி கேட்போம் என்றது. இதுதான் தேர்தலில் வந்த வாரியம் வைத்திருக்கும் பிடி. ஒரு துறைத் தலைவரால் மேயரைத் தாண்டி மக்களிடம் போய் வரி கேட்க முடியாது. வாக்கெடுப்பு வந்தால் பூங்காவுக்கு வாக்கு விழும் என்பது மாநகர் மன்றத்துக்கும் தெரியும். பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். 2016 ஏப்ரலில் மாநகர் மன்றமும் வாரியமும் தனித்தனியாக ஆனால் ஒரே மாதிரியாக ஒரு சட்டம் இயற்றின. இருபது வருஷத்துக்கு, ஆண்டுக்கு 1.1 கோடி டாலர் கூடுதலாகப் பேட்டைப் பூங்காக்களுக்கு. பூங்காக்களின் எண்ணிக்கை சுமார் 160.

அந்தப் பணத்தைவிட எனக்குப் பெரியதாகப் படுவது சில மாதங்களில் வந்த அடுத்த சட்டம். எந்தப் பூங்காவுக்கு முதலில் வேலை நடக்கும் என்பதைக் கமிஷனர்களின் சிபாரிசிலிருந்து எடுத்து ஒரு மதிப்பெண் முறையிடம் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வறுமை எவ்வளவு, வெள்ளையரல்லாத குடும்பங்கள் எவ்வளவு, குடியிருப்பு அடர்த்தி, இளைஞர் எண்ணிக்கை, பாதுகாப்பு நிலை. அதோடு பூங்காவின் பொருள்கள் எவ்வளவு பழசு, இதற்கு முன் எவ்வளவு செலவாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கூட்டி, வரிசையைப் பொதுவில் வைத்தார்கள். வரிசையில் முன்னால் வந்தவை பெரும்பாலும் வடக்குப் பக்கத்தின் பூங்காக்களும் தெற்கில் ஏழைப் பேட்டைகளின் பூங்காக்களும்.

எண் போட்டுவிட்டால் அரசியல் போய்விடுமா? போகாது. எந்த அளவுகோலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதே அரசியல்தான். ஆனால் அந்தச் சண்டை ஒரே முறை, திறந்த அவையில் நடந்தது. ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் ஒவ்வொரு முறை கமிஷனர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அந்தக் கண்ணோட்டம் எல்லாத் துறைக்கும் உடனே பரவிவிடவும் இல்லை. ஆஷ் மரக் கதையின் மறுபாதி இதற்குச் சாட்சி. தனியார் வீட்டில் வண்டு தாக்கிய மரம் இருந்தால் அதை வெட்டச் சொல்லி வாரியம் உத்தரவு போடும். வீட்டுக்காரர் வெட்டாவிட்டால் வாரியத்தின் ஒப்பந்தக்காரர் வெட்டுவார், செலவு சொத்து வரியில் ஏறும். ஒரு பெரிய மரத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர். ஏரிக்கரை வீட்டுக்கு அது ஒரு தொந்தரவு, வடக்குப் பக்கத்தின் வீட்டுக்கு அது கடன். 2023-இல் கூட்டாட்சி அரசின் 80 லட்சம் டாலர் மானியம் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைய வழி பிறந்தது.

பவுடர்ஹார்ன், 2020 கோடை

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் மாநகரப் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான். ஜூன் 3 அன்று பூங்கா வாரியம் மாநகரப் போலீசோடு வைத்திருந்த உறவை முறித்துக்கொள்ள ஏகமனதாக வாக்களித்தது. தனிப் போலீஸ் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது.

அதே மாதம், கலவர நாட்களில் ஒரு பழைய ஹோட்டலில் தங்க வைக்கப்பட்டிருந்த வீடற்றவர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பவுடர்ஹார்ன் பூங்காவில் கூடாரம் போட்டார்கள். நோய்த்தொற்றுக் காலம் என்பதால் இத்தகைய முகாம்களைக் கலைக்க வேண்டாம் என்று மாநில உத்தரவு ஒன்றும் இருந்தது. ஜூன் நடுவில் வாரியம், பூங்காக்களில் தங்க அனுமதிப்போம் என்று தீர்மானம் போட்டது. ஜூலைக்குள் அந்த ஒரே பூங்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கூடாரங்கள்.

முதல் வாரங்களில் அக்கம்பக்கத்தார் சாப்பாடும் மருந்தும் கொண்டுவந்தார்கள். பிறகு பாலியல் தாக்குதல் புகார்கள் வந்தன, போதைப் பொருள் வந்தது, சுற்றியிருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஜூலை நடுவில் வாரியம் பின்வாங்கி, அதிகபட்சம் இருபது பூங்காக்கள், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கூடாரம் என்று எல்லை வைத்தது. ஆகஸ்டில் பவுடர்ஹார்ன் முழுவதும் காலி செய்யப்பட்டது.

இந்தத் தீர்மானத்தைப் பற்றி நிறைய ஏசியிருக்கிறார்கள். எனக்கு கமிஷனர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம்தான். அவர்களிடம் புல்தரை உண்டு, கழிப்பறை உண்டு, வீடு இல்லை. தங்குமிடங்களுக்குப் பொறுப்பு மாவட்ட நிர்வாகம், வீட்டுக் கொள்கை நகராட்சியுடையது. 1883-இல் கட்டிய சுவர் பூங்காவை நகராட்சியிடமிருந்து காப்பாற்றியது. அதே சுவர் அந்தக் கோடையில், நகராட்சியும் மாவட்டமும் கைவிட்டதை வாரியத்தின் புல்தரையில் கொண்டுவந்து இறக்கியது. துரத்தலாமா வேண்டாமா என்று மட்டும்தான் அவர்களால் முடிவெடுக்க முடிந்தது. எங்கே போவார்கள் என்பதற்கு அவர்கள் கையில் பதிலில்லை.

2024 ஜூலையில் இன்னொரு புதுமை. பூங்காப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரியத்தின் 141 வருஷத்தில் முதல் முறை. ஒரு வாரம் என்று ஆரம்பித்தது மூன்று வாரம் ஓடியது. கோடையின் உச்சத்தில் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்தது, குப்பைத் தொட்டிகள் வழிந்தன. சம்பளம்தான் முதல் பிரச்சினை. தனிச் சபையாக இருந்தால், சம்பளம் கொடுக்கிற முதலாளியும் தனியாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் போய் நின்றது மேயர் வாசலில் அல்ல, கமிஷனர்கள் கூட்டத்தில்.

கிளீவ்லண்ட் சொன்ன அந்தக் கோத்த மாலையை அங்கே கிராண்ட் ரவுண்ட்ஸ் என்கிறார்கள். ஊரைச் சுற்றி ஐம்பது மைல் பூங்காச் சாலை. அது இன்னும் வட்டமாக முடியவில்லை. வடகிழக்கிலிருந்து தென்கிழக்குக்குப் போகிற சில மைல்கள் விட்டுப்போயிருக்கின்றன, ஊரில் அதற்குப் பெயரே ‘விட்டுப்போன கண்ணி’. நிலம் மலிவாக இருந்தபோது வாங்காத இடம் அது. இப்போது அங்கே ரயில் பாதைகளும் கிடங்குகளும் நிற்கின்றன, வாரியம் துண்டு துண்டாக நிலம் கேட்டுக்கொண்டிருக்கிறது.